ஏழேகால் அங்குலத் தண்டவாளம்

பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். பொம்மைக்குச் சாவி கொடுத்தால் போதும். என் வீட்டுக்காரர் செய்த வண்டி கரி தின்னும், தண்ணீர் குடிக்கும், நீராவி கக்கும், அசந்தால் கையைச் சுட்டுவிடும். அந்தக் காலத்துப் பெரிய ரயில் இஞ்சினுக்குள் என்னென்ன உண்டோ அத்தனையும் இதற்குள்ளும் உண்டு, அளவுதான் சின்னது. தண்டவாளத்தின் அகலம் ஏழேகால் அங்குலம். இஞ்சின் என் இடுப்பு உயரம்கூட இல்லை. ஆனால் அதைத் தூக்க ஆள் போதாது, செயின் பிளாக் மாட்டித்தான் தூக்க வேண்டும். பின்னால் கோத்த பலகை வண்டியில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து அவர் ஓட்டுவார். அதற்கும் பின்னால் இன்னும் இரண்டு வண்டி. ஏழெட்டுப் பெரியவர்கள் ஏறினாலும் முனகாமல் இழுத்துக்கொண்டு போகும்.

அவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் லேத்துப் பட்டறை. ரைஸ்மில் ஷாஃப்ட், போர் மோட்டார் புஷ், டிராக்டர் பின் என்று ஊரில் எது தேய்ந்தாலும் அங்கேதான் வரும். நான் தறி நெய்கிறவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. முன்கூடத்தில் என் தறி, பின்கட்டில் அவர் இஞ்சின், நடுவில் சமையல். வெளிநாட்டில் வயசானவர்கள் தங்கள் தோட்டத்தில் இப்படி நீராவி வண்டி ஓட்டுவதை ஒருநாள் செல்போனில் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அந்த வெள்ளைக்காரர்களுக்குப் பென்ஷன் வருகிறது, தோட்டமும் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது என் தறிக்கூலியும் அவர் பட்டறைக் காசும்தான். யானையைக் கட்டித் தீனி போடுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரேயடியாக வாங்க வழியில்லாததால் வண்டி துண்டு துண்டாகத்தான் வந்தது. ஒரு நல்ல வேலை முடிந்தால் ஒரு தகடு. நான் ஒரு சேலையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தால் ஒரு வால்வு. இரும்புச் சக்கரம் வார்ப்பதற்கு முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்து கொடுக்க வேண்டும். அதைச் செய்தவர் கோயில் வாகனம் செய்கிற ஆசாரி. யாளிக்கும் குதிரைக்கும் கால் செதுக்குகிற மனுஷன், "இன்னா சாமிக்குப்பா இந்தச் சக்கரம்?" என்று கேட்டிருக்கிறார். "எங்க ஊட்டு அம்மனுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார் இவர். வந்து அதை என்னிடமும் சொல்லிச் சிரித்தார். "அம்மனுக்குக் கூழ் ஊத்தவே காசு இல்ல, தேர் ஒன்னுதான் கொறச்சல்" என்றேன்.

இருப்பதிலேயே பெரிய செலவு கொதிகலன். அது செம்பில் செய்வது. செம்புத் தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைக்க ஈயம் தாங்காது, வெள்ளி கலந்த கம்பிதான் வேண்டும். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போனது. தகடுகளை வெட்டி வளைத்து வைத்ததோடு வேலை நின்றுவிட்டது. அவர் தினமும் அந்தத் தகடுகளைத் துடைத்து வைப்பார், ஒன்றும் பேசமாட்டார். பேசிக்கொண்டே இருக்கிற ஆள் பேசாமல் இருந்தால் வீடு வீடாக இல்லை. அவர் கேட்காமல் நானாகத்தான் பீரோவைத் திறந்தேன். என் முகூர்த்தப் புடவை பழைய காலத்து ஜரிகை, நல்ல வெள்ளி. அப்படிப்பட்ட புடவைகளை ஜரிகைக்காகவே எடுத்துக்கொள்கிற வியாபாரிகள் எங்கள் தெருவில் வாராவாரம் கூவிக்கொண்டு போவார்கள். ஒருவரை நிறுத்திக் கொடுத்துவிட்டேன். நெய்கிறவளுக்குப் புடவைக்கா பஞ்சம், இன்னொன்று நெய்துகொண்டால் ஆயிற்று என்று வீறாப்பாகச் சொன்னேன். இதுவரை எனக்கென்று ஒன்று நெய்துகொள்ளவில்லை.

கொதிகலன் ஆன பிறகு தண்ணீர்ப் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற மாதிரி கொதிகலனுக்குள்ளும் படியும், படிந்தால் அது கெட்டது. பக்கத்துத் தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர் வீட்டில் ஒரு கிணறு உண்டு. உப்புத் தண்ணீரில் சாயம் சரியாக ஏறாது என்பதால் அந்தக் கிணற்றை அவர்கள் கண் மாதிரிக் காப்பாற்றுகிறார்கள். இவர் அவர்களுடைய மோட்டாரைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுப்பார், அவர்கள் கேன் கேனாகத் தண்ணீர் கொடுப்பார்கள். பட்டுக்குப் போகிற தண்ணீரைத்தான் என் சக்களத்தியான அந்த இஞ்சின் குடித்தாள்.

பக்கத்தில் முசரவாக்கத்தில் என் அப்பா எனக்கென்று விட்ட மேட்டு நிலம் கொஞ்சம் இருக்கிறது. வாய்வார்த்தையாகத்தான் விட்டார், பத்திரம் அண்ணன் தம்பி எல்லோருக்கும் பொதுவில் கிடக்கிறது. வேர்க்கடலை போட்டாலும் விளங்காத அந்த மண்ணில் அவரே சிமெண்டுக் கட்டைகள் வார்த்துப் புதைத்து, இரும்புப் பட்டையை நட்டு வைத்து வட்டமாகப் பாதை போட்டார். ஒரு பக்கம் வேப்பமரம், அங்கே கொட்டகை. எதிர்க்கோடியில் புளியமரம். ஞாயிற்றுக்கிழமை புகை கிளம்பினால் ஊர் கூடிவிடும். ஏறுகிறவர்களிடம் ஆளுக்குப் பத்து ரூபாயாவது வாங்கு, கரிக் காசாவது தேறும் என்று நான் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "காசு வாங்குனா டைமுக்கு ஓட்டணும்மா, அப்புறம் அது வேலையாப் பூடும்" என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் பின்னால் உட்கார்ந்து, முந்தானையைக் காலுக்கடியில் இடுக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டேதான் வட்டம் சுற்றுவேன். கரிப்புகை மூக்கில் ஏறும், முதுகெல்லாம் குலுங்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் காலையில் லேத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் பட்டறையில் சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் புரியும், கண்ணைப் பார்த்தாலே தெரியும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் "தா... தா..." என்று மட்டும் வரும். அது தனக்கே கேட்டவுடன் வாயை மூடிக்கொள்வார். தெருவில் போகிற நாயோடுகூட நலம் விசாரிக்கிற மனுஷன். நான் சமைத்த சாம்பாரைப் பற்றி மட்டும் தினத்துக்கு ஒரு கிண்டல் சொல்வார். அந்த வாய் பூட்டிக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கை வராமல் போனால் நான் ஊட்டிவிடுவேன், கால் வராமல் போனால் தூக்கி உட்காரவைப்பேன். பேச்சுக்கு நான் என்ன செய்ய முடியும்?

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பேச்சு திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது, ஆனால் முதல் சில மாதங்கள்தான் முக்கியம். அதற்கென்று படித்தவர்களிடம் தினமும் பயிற்சி எடுக்க வேண்டும், சென்னையில் தங்கித்தான் செய்ய வேண்டும், நாள் கடத்தினால் பிறகு பலன் குறைவு. முதலில் லேத்தை விற்றேன், அது ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. முசரவாக்கத்து நிலத்தை என் கூடப்பிறந்தவர்கள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது, அவர்கள் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை. மிச்சம் இருந்தது வண்டி ஒன்றுதான்.

அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "யோவ், வண்டிய வித்துடலாம்னு இருக்கறேன். ஒனக்குப் பேச்சு வரணும். எனுக்கு வேற வழி தெரில." அவர் தலையை ஆட்டவும் இல்லை, கையைக் காட்டி மறுக்கவும் இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தறியில் போய் உட்கார்ந்து ஊடு நூல் ஓட்டுகிற நாடாவை அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் வீசிக்கொண்டே அழுதேன். பட்டின் மேல் கண்ணீர் விழுந்தால் கறை என்று நகர்ந்து உட்கார்ந்து அழுதேன்.

கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வாங்க முன்வந்தார். பம்பு செய்கிற தொழில், இந்த வண்டிகளின் மேல் ஆசை உள்ளவர். ஒரே ஒரு நிபந்தனை, வண்டி நீராவியில் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் காசு. அதுவரை நான் ஓட்டியதே இல்லை. என் வீட்டுக்காரர் இடது கையால் காட்டிக் காட்டி எனக்குப் பழக்கினார். தீயை எப்படி மூட்டுவது, எந்தத் திருகைத் திறப்பது, தண்ணீர்மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் எதுவரை இருந்தால் போதும், எல்லாம். நான் தப்பாகத் தொட்டால் கைத்தடியால் நாற்காலியில் ஒரு தட்டு. விற்பதற்குச் சம்மதம் சொல்லாத மனுஷன் விற்பதற்கான வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

பேசியபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் லாரியோடு வந்துவிட்டார். என் ஓரகத்தியும் கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்தாள், என் கொழுந்தனார் சம்சாரம். நல்ல மனசு, அவசர புத்தி. இஞ்சினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், சூடம் காட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விறகுச் சுள்ளி எடுக்கக் கொட்டகைக்குள் போன நேரத்தில், கோயிலிலிருந்து கொண்டுவந்திருந்த அபிஷேகப் பாலைச் செம்போடு இஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீட்டு மாட்டை விற்றால் வயிறு நிறையத் தண்ணீர் காட்டித்தான் அனுப்புவோம். அதே நினைப்புதான் அவளுக்கு.

எனக்கு அது தெரியாது. கொதிகலனில் முதலில் ஊற்றியிருந்தது சாயக்காரர் வீட்டுத் தண்ணீர் என்பதால் வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. வேப்பமரத்தடியில் அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தோம். வாங்க வந்தவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாதி வட்டம் போய்க் கொதிகலனில் தண்ணீர் குறைந்ததும், தொட்டித் தண்ணீரை உள்ளே தள்ளுகிற கைப்பம்பை அடித்தேன். திரும்பி மரத்தடிக்கு வருவதற்குள் கண்ணாடிக் குழாய் முழுக்க வெள்ளை நுரை. தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. புகைபோக்கி மஞ்சள் துளிகளாக என் முகத்தில் துப்பியது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை.

நாற்காலியில் தடி படபடவென்று அடித்தது. பார்த்தேன். அவர் இடது கையால் கீழே கீழே என்று காட்டினார். தீயைக் கொட்டு என்கிறார். நுரையை நம்பித் தண்ணீர் இருக்கிறது என்று விட்டால் செம்பு உருகிப் போகும், அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வண்டியை நிறுத்தி, அடியிலிருந்த கம்பியைப் பிடித்து இழுத்தேன். தணலெல்லாம் தரையில் கொட்டியது. வாங்க வந்தவர் சட்டென்று குதித்து விலகினார்.

"நான்தான்க்கா ஊத்துனேன், பால ஊத்துனேன். பசியோட போவக் கூடாதேன்னு..." என்று ஓரகத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லாரி நிற்கிறது, காசோடு வந்த மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், இது போனால் சென்னையும் போனது, பேச்சும் போனது. அவளைக் கிழித்துத் தோரணம் கட்ட வாயைத் திறந்தேன். அப்போது மரத்தடியில் ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கோணிய வாயோடு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. பேச்சு போனாலும் சிரிப்பு அப்படியே பழைய சிரிப்பாக இருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"பால் குடிக்கற இஞ்சின இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றார் வாங்க வந்தவர். நல்ல மனுஷன், வேறு ஒருவர் என்றால் அதையே சாக்காக வைத்து விலையைக் குறைத்திருப்பார். கொதிகலன் ஆறுகிறவரை காத்திருந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரும் சேர்ந்து கழுவினார். பால் வாடை போகிறவரை கேன் கேனாக ஊற்றி ஊற்றிக் கொட்டினோம். மறுபடி தீ மூட்டி நீராவி ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் உட்காரப் போனேன். வாங்க வந்தவர் தடுத்தார்.

"அய்யாவே ஓட்டட்டுங்க. அவர் வண்டியில்லைங்களா."

நாலுபேர் சேர்ந்து தூக்கி உட்காரவைத்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து, அவர் இடுப்பில் துண்டைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இடது கை நீராவித் திருகைத் தொட்டதும் வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது. நான் எடுத்தபோதெல்லாம் முட்டி மோதித்தான் கிளம்பியது. ஒரு சுற்று முடிந்தது, லாரியைத் தாண்டினார், நிறுத்தவில்லை. இரண்டாவது சுற்றும் போனார். அவருடைய முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. ஊரார் எல்லோரும் கைகாட்டினார்கள், சிலர் அழுதார்கள். நான் இந்தத் தடவை திட்டவில்லை.

அடுத்த சுற்றில் எதிர்க்கோடியில், புளியமரத்துக்கிட்டே, வண்டியை நிறுத்திவிட்டார். திருகை மூடிவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப்பக்கம் லாரியும் ஜனமும் சின்னதாகத் தெரிந்தன. இஞ்சின் சீறிக்கொண்டு நின்றது.

"இன்னாயா, போலாமா?" என்றேன். அசையவில்லை.

"அவங்கல்லாம் நின்னுக்கினு கீறாங்க பாரு." அசையவில்லை.

"ஒன் பேச்சுக்காகத்தான்யா. நான் என்னா பண்ணட்டும்? ஒரு வார்த்த நீ பேசிக் கேக்கணும் எனுக்கு." அவர் தலை குனிந்தது. கை மட்டும் திருகை விடவில்லை. தீ தணிந்துகொண்டே வந்தது, விட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். நான் எக்கி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்தக் கையில்தான் பலம் இருந்தது, பிடித்திருந்தால் என்னால் பிரித்திருக்க முடியாது. அவர் விட்டுக்கொடுத்தார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு நானே திருகைத் திறந்தேன். நானேதான் லாரிவரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன்.

சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தோம். தினமும் காலையில் பேச்சுப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தது ஒரு சின்னப் பெண், பொறுமை என்றால் அவ்வளவு பொறுமை. முதலில் மெழுகுவத்தியை ஊதச் சொன்னாள், பிறகு ஆ, ஊ. நான் நம்பிக்கை இழந்திருந்த ஒருநாள் "தண்ணி" என்றார். நான் சொம்பை எடுக்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், இன்னொரு தடவை கோபமாகச் சொன்னார். அன்றைக்குத் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அப்புறம் சோறு வந்தது, வலி வந்தது, என் பேர் வந்தது. மெள்ள மெள்ள, திக்கித் திக்கி, சாம்பாரில் உப்பில்லை என்பதும் வந்தது. விற்றது வீண்போகவில்லை என்று ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வண்டியைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் விற்றாய் என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் வண்டி ஓடுகிற படத்தை என் செல்போனுக்கு அனுப்பியிருந்தார். காட்டினேன். பார்த்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி, "மழ... வரும்... போலக்குது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டு வாங்கிப் பழகியவள் இல்லை நான், ஆனாலும் அதற்காகத் தினமும் காத்திருந்தேன்.

பயிற்சியில் இப்போது படம் போட்ட அட்டைகள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக நீட்டுவாள், அவர் பேர் சொல்ல வேண்டும். போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குடை என்றார். பசுமாடு என்றார். பூட்டு என்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது, ஆனால் சொல்லிவிட்டார். அடுத்த அட்டையில் ஒரு கறுப்பு இஞ்சின், மேலே புகை, பின்னால் இரண்டு பெட்டி.

"சொல்லுங்கய்யா, இது ஈஸிதான்" என்றாள் அவள். அவளுக்கு எங்கள் கதை தெரியாது.

அவர் அட்டையை இடது கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதை என் மடியில் வைத்தார்.

"இத நீ சொல்லு."

திக்கவே இல்லை. முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைத் தங்குதடையில்லாமல் பேசிவிட்டார் என்று அந்தப் பெண் கைதட்டினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.